கேட்கிற வித்தியாசம்

சத்தம் கூடாதென்று கேட்பறையில் ஏசியை அணைத்திருந்தார்கள். ஆகஸ்ட் வெயில். ஹொஸுமியின் சட்டை முதுகில் ஒட்டியது.

எதிரே இரண்டு ஆம்ப்ளிஃபயர்கள். ஒன்று கம்பெனி பல வருஷமாக விற்பது. மற்றது அவள் வடிவமைத்தது. அளந்து பார்த்ததில் அதன் ஒலிச்சிதைவு பழையதில் பத்தில் ஒரு பங்கு.

"மீட்டர் சொல்லுது, சரி. காது சொல்லணும்ல?" என்றார் பிரிவுத் தலைவர் துகுடா. எல்லாரும் அவரைப் பதவிப் பெயரால் 'புச்சோ' என்றே கூப்பிடுவார்கள். "உனக்கே தெரியலைன்னா பழைய சர்க்யூட்டே ஓடட்டும்."

இரண்டு வருஷ உழைப்பு. ஒப்புக்கொண்டாள்.

பட்டனை அழுத்தினால், நடுவிலிருந்த பெட்டி இரண்டில் ஏதோ ஒன்றை ஒலிபெருக்கியோடு இணைக்கும். எதுவென்று அதற்கு மட்டுமே தெரியும். கேட்டுவிட்டு அவள் சொல்ல வேண்டும். பத்து முறை.

முதல் முறையே தெளிவாக இருந்தது. அடுத்ததிலும் சந்தேகமில்லை. ஒன்பதாவது முடிந்தபோது இசைத்தட்டும் முடிந்தது. அவள் கவனிக்காமல் பட்டனை அழுத்தினாள்.

"புதுசு" என்றாள்.

சக பொறியாளன் இகராஷி பெட்டியின் பதிவைப் பார்த்துக் கைதட்டினான். "பத்துக்குப் பத்து! ஹொஸுமி சான், நீங்க மனுஷியா வௌவாலா?"

அவள் சுழலும் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது செல்லாது, புச்சோ."

"ஏன்?"

"கடைசித் தடவை பாட்டே ஓடல. ஆனாலும் எனக்குத் தெரிஞ்சுது. பெட்டி பழசுக்கு ஒரு மாதிரி சொடுக்குது, புதுசுக்கு வேற மாதிரி. அதைத்தான் கேட்டிருக்கேன்."

"ஜெயிச்சவ யாராவது நடுவர்கிட்ட சண்டை போடுவாளா? பேசாம டீயக் குடி."

அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். தாழ்வாரத்தில் வைத்து, கம்பிகளைக் கதவுக்கடியில் இழுத்தாள். இரண்டின் ஒலி அளவையும் மீட்டர் வைத்து மறுபடி சமமாக்கினாள். பட்டனை மட்டும் உள்ளே வைத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள். தட்டைத் திருப்பிப் போட்டாள்.

இந்த முறை ஒவ்வொன்றுக்கும் நெடுநேரம் எடுத்துக்கொண்டாள். ஒவ்வொன்றிலும் ஏதோ கேட்பது போலத்தான் இருந்தது.

நான்கு சரி.

"காசு சுண்டிப் போட்டிருந்தா இன்னும் ஒண்ணு கூட வந்திருக்கும்" என்றான் இகராஷி. யாரும் சிரிக்காததால் நிறுத்திக்கொண்டான்.

துகுடா எழுந்தார். "அப்போ பழசே போதும்."

"போதும்" என்றாள் ஹொஸுமி. "ஆனா பழசோட ஒலியை எவ்வளவு கெடுத்தா காதுக்குத் தெரியும்னு நமக்குத் தெரியாது. கொஞ்சங்கொஞ்சமா கெடுத்துப் பாக்கப்போறேன்."

"இன்னிக்கேவா?"

இகராஷியின் கை ஏசி சுவிட்சுக்குப் போனது.

"அதத் தொடாதீங்க" என்றாள். பழைய ஆம்ப்ளிஃபயரின் மூடியைக் கழற்றத் தொடங்கினாள்.