ஆற்றோரக் குடில்

பல்செட்டு செய்யும் கூடத்தில் பதினெட்டு வருடம் உட்கார்ந்தவளுக்கு, மயிரிழை பிசகினால் என்ன ஆகும் என்று தெரியும். மேல்வரிசை கீழ்வரிசையோடு சேராது, மாட்டிக்கொண்டவர் ஒரு வாய் மெல்ல முடியாமல் திரும்பி வந்து சண்டைக்கு நிற்பார். வடக்குக் காட்டுப் பயணத்தையும் அவள் அந்தக் கணக்கில்தான் திட்டமிட்டாள்.

விலங்கு பார்க்கிற பயணம் என்பது வெளிக்குச் சொன்னது. அவள் தேடிப் போனது கணவனை.

கணவன் லிஃப்ட் மெக்கானிக். வருடம் முழுக்க இருட்டுக் குழிக்குள் கம்பிவடத்தோடு மல்லுக்கட்டிவிட்டு, இலையுதிர் காலத்தில் ஒரு வாரம் கேமராவைத் தூக்கிக்கொண்டு வடக்கே போய்விடுவான். "அங்கதான் எனக்கு மூச்சு விட முடியுது" என்பான். இரண்டு வருடத்துக்கு முன்னால் போனவன், ஆற்றோரமாக இருந்த மரக்குடிலில் ஒரு ராத்திரி தங்கினான். மறுநாள் காலை கேமராவோடு வெளியே கிளம்பினான். அவ்வளவுதான். பதினோரு நாள் தேடினார்கள், நாய் வைத்து, ஹெலிகாப்டர் வைத்து. ஒரு தொப்பிகூடக் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் தனியாள் யாரும் நுழையக்கூடாது என்று உத்தரவு போட்டார்கள். வழிகாட்டியோடு ஆறு ஆறு பேராகக் கரடி பார்க்கப் போகிறவர்களுக்கு மட்டும் அனுமதி.

சரி, கரடி பார்க்கவே போகலாம் என்று அவள் முடிவு பண்ணினாள்.

துணைக்குக் கொழுந்தன். கணவனுக்கு நாலு வயது இளையவன், முடிவெட்டும் கடை வைத்திருப்பவன். வாய் ஓயாது. கத்தரி நின்றாலும் பேச்சு நிற்காது என்று அவனுடைய வாடிக்கையாளர்களே கிண்டல் பண்ணுவார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இருவரும் அவள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் விண்ணப்பத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். எவ்வளவு தூரம் நடக்க முடியும், மூட்டுவலி உண்டா, எந்த விலங்கைப் பார்க்க ரொம்ப ஆசை.

அந்தக் கடைசிக் கேள்வியில் அவள் பேனா நின்றுவிட்டது.

"கரடின்னு போடுங்க அண்ணி. முயல்னு போட்டா நம்மள மதிக்க மாட்டாங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கரடி என்று எழுதினாள்.

எடுத்துப்போக வேண்டியவற்றின் பட்டியலும் வந்திருந்தது. சரசரக்காத கோட்டு, முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், வாசனை இல்லாத சோப்பு. வாசனைத் தைலம் எதுவும் கூடவே கூடாது, கரடிக்கு ஒரு மைலுக்கு அப்பாலேயே தெரிந்துவிடும்.

"நான் கடையில இருக்கிற வாசனையெல்லாம் ஊறிப்போனவன். என்னைக் கூட்டிட்டுப் போனா கரடி பக்கத்துல வராது. வந்தாலும் முகச்சவரம் பண்ணிக்கத்தான் வரும்."

தங்கும் இடம் பற்றிப் பேச அவளே போன் போட்டாள். எடுத்த பெண் நல்லவளாகத்தான் பேசினாள்.

"ஏரிக்கரைக் குடிலுக்குப் போங்க மேடம். தினம் கரடி வரும். ஆத்தோரக் குடில்ல போன சீசன் முழுக்க ரெண்டே தடவதான் வந்துச்சு."

"பரவாயில்லைங்க. எங்களுக்கு ஆத்தோரமே போதும்."

"கதவுகூடச் சரியா சாத்தாது மேடம்."

"சாத்திக்கலாம்."

போனை வைத்ததும் அலமாரியிலிருந்து வரைபடத்தை எடுத்தாள். தேடுதல் முடிந்தபோது கெஞ்சிக் கூத்தாடி வாங்கி வந்தது. காட்டை இருநூற்று நாற்பது கட்டமாகப் பிரித்து, தேடி முடித்த கட்டத்தில் எல்லாம் பென்சில் கோடு போட்டிருந்தார்கள். நாலு கட்டத்தில் கோடு இல்லை. அதில் ஒன்று குடிலிலிருந்து இருபது நிமிட நடை. கட்டத்தின் அளவு அவளுடைய கட்டைவிரல் நகம். இரண்டு வருடமாக அந்த நகத்தளவு வெள்ளைதான் அவளைத் தூங்கவிடாமல் வைத்திருந்தது. இரண்டாம் நாள் மத்தியானம் மூன்று மணிநேரம் ஓய்வு என்று நிகழ்ச்சி நிரலில் போட்டிருந்தது. போக இருபது, வர இருபது, மீதி தேட. மனக்கணக்கு மயிரிழை பிசகாமல் வந்தது.

"அம்மாகிட்ட சொல்லிடலாமா?" என்றான் கொழுந்தன்.

"வேண்டாம். அத்தைக்கு ஆசை காட்டக்கூடாது. ஊர் சுத்தப் போறோம்னே இருக்கட்டும்."

ரயில், பஸ், அப்புறம் ஒரு வேன் என்று மாறி மாறிப் போய் இறங்கியபோது மழை தூறிக்கொண்டிருந்தது. கூட வந்த நாலு பேரும் ஒரே குடும்பம், பெரிய பெரிய கேமராக்களோடு. அவர்களுக்கு ஏரிக்கரைக் குடில். வழிகாட்டி அவள் வயதையொத்த பெண்மணி, காற்றில் காய்ந்த முகம், வார்த்தையை எண்ணி எண்ணிப் பேசினாள். இவர்கள் இருவரையும் ஆற்றோரத்தில் விட்டுவிட்டு, பாதையை விட்டு ஓர் அடி இறங்கக்கூடாது என்று இரண்டு தரம் சொன்னாள். சொல்லும்போது இவள் முகத்தையே பார்த்தாள்.

குடிலுக்குள் இரண்டு அடுக்குக் கட்டில், ஒரு இரும்பு அடுப்பு, சன்னலோரம் ஒரு பலகை. கணவன் எந்தக் கட்டிலில் படுத்திருப்பான் என்று யோசித்து, கீழ்க்கட்டிலின் விளிம்பைத் தடவினாள். எத்தனையோ பேர் படுத்தெழுந்த கட்டில். மரம் வழவழவென்று இருந்தது.

அன்று சாயங்காலம் எல்லோரும், விலங்குக்குத் தெரியாமல் ஒளிந்து பார்க்கிற மறைவுக்கூண்டில் உட்கார்ந்தார்கள். மரச்சுவரில் நீளமாக ஒரு பிளவு, அதற்கு வெளியே சதுப்புவெளி. பேசக்கூடாது, இருமக்கூடாது. கொழுந்தன் இரண்டு மணிநேரம் வாயை மூடிக்கொண்டிருந்ததே ஓர் அதிசயம். வெளிச்சம் மங்குகிற நேரத்தில் கரடி வந்தது. மரங்களுக்கு நடுவிலிருந்து, யாரோ கூப்பிட்டு அனுப்பின மாதிரி நிதானமாக. அந்தக் குடும்பத்தார் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். கரடி உளுத்துப்போன ஓர் அடிமரத்தை முன்காலால் புரட்டியது. கிடைத்ததைத் தின்றது. அந்தத் தடித்த கழுத்தையும் நகங்களையும் அவள் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். கொழுந்தன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

மறுநாள் மத்தியானம் இருவரும் வரைபடத்தோடு இறங்கினார்கள்.

முதல் இருபது நிமிடம் சரியாகத்தான் போனது. அப்புறம் பாசி. பச்சை மெத்தை விரித்த மாதிரி, மிதித்தால் கணுக்கால்வரை. எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மரம், ஒரே கருப்பு நீர். ஒரு புதரை விலக்கி, ஒரு பள்ளத்தைக் கம்பால் குத்திப் பார்த்து, அடுத்த பள்ளத்துக்குப் போவதற்குள் முக்கால் மணிநேரம் ஓடிவிட்டது. திரும்பிப் பார்த்தால் புறப்பட்ட மரம் கூப்பிடு தூரத்தில் நின்றது. நகத்தளவு என்று நினைத்திருந்தது கண்ணுக்கெட்டியவரை கிடந்தது.

"அண்ணா!" என்று கொழுந்தன் திடீரென்று கத்தினான். "அண்ணா, டேய்!"

இரண்டு வருடம் கழித்து யார் பதில் சொல்வார்கள்? கத்தினவனுக்கே அது தெரிந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றான். அவள் அவனிடம் போகலாம் என்று காலெடுத்து வைத்தாள். தரை வழிவிட்டது. இடதுகால் தொடைவரை இறங்கியது. பிடித்து இழுப்பது போலக்கூட இல்லை. இந்தா வா என்று சும்மா வாங்கிக்கொண்டது.

"அசையாதீங்க." பின்னாலிருந்து வழிகாட்டியின் குரல். நீளமான பலகை ஒன்றைக் கொண்டுவந்து குறுக்கே போட்டாள். வழிகாட்டியும் கொழுந்தனுமாகச் சேர்ந்து இழுத்தார்கள். கால் வந்தது, பூட்ஸ் வரவில்லை. அது போன இடத்தில் தண்ணீர் ஒரு தரம் குமிழியிட்டு மூடிக்கொண்டது.

மூவரும் பலகைமேல் உட்கார்ந்தார்கள்.

"போன்ல ஆத்தோரக் குடில் வேணும்னு கேட்டப்பவே ஆபீஸ்ல எனக்குச் சொன்னாங்க" என்றாள் வழிகாட்டி. "அந்தக் குடில யாரும் கேட்டு வாங்க மாட்டாங்க. அதான் பலகையத் தூக்கிட்டு உங்க பின்னாடியே வந்தேன். நீங்க அவரோட சம்சாரம்தானே?"

அவள் தலையை ஆட்டினாள். சட்டைக்குள்ளிருந்து வரைபடத்தை எடுத்து நீட்டினாள். "இந்தக் கட்டத்தத் தேடாம விட்டுட்டாங்க. கோடு போடல பாருங்க."

"தேடாம விடல. தேட முடியாம விட்டது. நானும் அந்தக் கூட்டத்துல இருந்தேன். நாயை இறக்கினோம், நாய் போக மாட்டேன்னுடுச்சு."

"அப்ப அவர் இங்கதான் இருக்காரா?"

"தெரியாதுங்க. இங்கயும் இருக்கலாம். ஆத்தோட போயிருக்கலாம். யாருக்கும் தெரியாது." வழிகாட்டி கையிலிருந்த சேற்றைச் சுரண்டிக்கொண்டே சொன்னாள். "அன்னைக்குக் காலைல அவரக் கடைசியாப் பாத்தது நான். சாயங்காலம் மழை வருமான்னு கேட்டார். வராதுன்னு சொன்னேன்."

"வந்துச்சா?"

"பத்து மணிக்கே பிடிச்சுக்கிச்சு. மூணு நாள் விடல."

அவள் வரைபடத்தை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டாள். ஒற்றைப் பூட்ஸோடு கொழுந்தன் தோளைப் பிடித்துக்கொண்டு குடிலுக்கு நடந்தாள்.

வேன் மறுநாள்தான். சாயங்காலம் வேறு போக்கிடம் இல்லாததால் மறைவுக்கூண்டிலேயே போய் உட்கார்ந்தார்கள். அன்றைக்கு இரண்டு கரடி வந்தது. அந்தக் குடும்பத்துக்குக் கொள்ளைச் சந்தோஷம். கேமராவைத் திருப்பி அவளுக்குப் படங்களைக் காட்டினார்கள். "ரொம்ப நல்லா வந்திருக்கு" என்றாள்.

ரயிலில் கொழுந்தன் ஒரு வார்த்தை பேசவில்லை. எதிர் இருக்கைக்காரர் எங்கே போய்விட்டு வருகிறீர்கள் என்று கேட்டதற்குக்கூட அவள்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

நேரே மாமியார் வீட்டுக்குப் போனார்கள். மாமியார் நாற்காலியில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். மகனின் முகத்தைப் பார்த்தாள், மருமகளின் முகத்தைப் பார்த்தாள். பழைய செருப்பில் நுழைத்திருந்த காலையும் பார்த்தாள்.

"கரடி வந்துச்சா?"

"வந்துச்சு அத்தை. முதல் நாளு ஒண்ணு, ரெண்டாம் நாளு ரெண்டு."

"எவ்வளவு பெருசு இருக்கும்?"

அவள் கையை விரித்துக் காட்டினாள்.

மாமியார் மடித்த துணியை மறுபடியும் பிரித்து, மறுபடியும் மடித்தாள். "அந்தப் பக்கமெல்லாம் நல்லாத் தேடினீங்களா?" என்றாள், தலை நிமிராமல்.

கொழுந்தன் எழுந்து உள்ளறைக்குள் போய்விட்டான்.

"தேடினோம் அத்தை."

"இனிமே போக வேண்டாம்" என்றாள் மாமியார். அதற்கு அவள் சரி என்றாள். துணிக்குவியலில் பாதியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு அவளும் மடிக்க ஆரம்பித்தாள்.