இடப்பக்கத்துச் சங்கு

நூஹு தண்டலின் இடது காது செத்துப்போயிருந்தது. அது தனக்கு மட்டுந்தான் தெரியும் என்று அவர் நம்பியிருந்தார்.

குளச்சலிலிருந்து தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் சரக்கு ஏற்றிப் போகும் பாய்த்தோணிகளில், சுக்கானைப் பிடித்துத் தோணியை நடத்துகிறவரைத் தண்டல் என்பார்கள். நூஹு இருபத்திரண்டு வருஷம் தண்டலாக இருந்தவர். மனைவி இறந்து வெகுநாளாயிற்று. விதவையான அக்காள் கதீஜா பீவியும் அவள் மகன் செய்யது அலியும்தான் அவருக்கு வீடு. செய்யது அலிக்கு இருபத்திரண்டு வயது. மாமாவின் தோணியிலேயே பாய்க்கயிறு இழுக்கும் வேலை. பெருநாள் கழிந்ததும் அவனுக்கு நிக்காஹ் என்று பேசி வைத்திருந்தார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு காய்ச்சல் வந்தது. காதில் சீழ் வைத்தது. காய்ச்சல் போனபோது இடது காதையும் கொண்டுபோய்விட்டது. ஒரு காது இருந்தால் போதாதா என்றுதான் முதலில் நினைத்தார். சத்தம் கேட்கத்தான் செய்தது. ஆனால் எந்தச் சத்தமும் வலப்பக்கமிருந்தே வந்தது. அக்காள் அடுக்களையிலிருந்து கூப்பிட்டால் அவர் தெருவைத் திரும்பிப் பார்த்தார். பள்ளியில் பாங்கு சொன்னால் கடலிலிருந்து சொல்வதுபோல இருந்தது. இடப்பக்கம் நின்று யாராவது தணிந்து பேசினால் ஒன்றும் கேட்காது. அப்போதெல்லாம் "ஆமா, ஆமா" என்று தலையாட்டி வைப்பார். தலையாட்டலில் காலம் நன்றாகவே ஓடிற்று.

கடலில்தான் பயம். பெருமழை பிடித்துக்கொண்டால் தோணியின் முனையே கண்ணுக்குத் தெரியாது. அப்போது கப்பலும் தோணியும் ஒன்றையொன்று அறிவது காதால்தான். நீராவிக் கப்பல் இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை நீளமாகச் சங்கு ஊதும். தோணிக்காரர்கள் கைப்பிடியை அழுத்தினால் ஊதுகிற ஒரு பெட்டியை வைத்திருப்பார்கள். காற்று வலமிருந்து அடித்தால் ஒரு ஊத்து, இடமிருந்து அடித்தால் இரண்டு, பின்னாலிருந்து தள்ளினால் மூன்று. அதைக் கேட்டுக் கப்பல்காரன் தோணி எந்தப் போக்கில் வருகிறது என்று கணக்குப் போட்டுக்கொள்வான். தண்டல், சங்கு எந்தப் பக்கம் என்று கேட்டுச் சுக்கானைத் திருப்புவார். பக்கம் தப்பினால் எல்லாம் தப்பும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்துநாலு வைகாசியில், மழைக்காலத்துக்குத் தோணியைக் கரையேற்றுவதற்கு முன் கடைசி ஓட்டம் போனார்கள். கயிறும் கருவாடும் ஏற்றியிருந்தது. தூத்துக்குடிக்குப் போகவேண்டும். தோணியின் முன்முனையான அணியத்தில் காவல் நின்றவன் சூசையடிமை. நாற்பது வயது, குளச்சல் கடற்கரைக்காரன், ஐந்து வருஷமாக நூஹுவோடு ஓடுகிறவன். ஊதுபெட்டியும் அவன் கையில்தான்.

காலை பத்து மணிக்கு மேல் மேற்கே கறுத்தது. கொஞ்ச நேரத்தில் மழை தோணியை மூடிக்கொண்டது. காற்று பின்னாலிருந்து தள்ளியது. சூசையடிமை மும்மூன்றாக ஊதினான். ஊதிவிட்டுக் காதைக் கொடுத்து நிற்பான், மறுபடி ஊதுவான். ஏழெட்டுத் தடவை ஊதியபின், மழைக்குள்ளிருந்து நீளமாக ஒரு சங்கு கேட்டது.

நூஹுவுக்கு அது வலப்பக்கம் கேட்டது. வழக்கமாகக் கப்பல்கள் கடற்பக்கம், அதாவது வலப்பக்கந்தான் வரும். ஆனால் அன்றைக்குத் தோணி கரையைவிட்டு வெகுவாக விலகி வந்திருந்தது. அப்படியானால் இடப்பக்கமும் கப்பல் வரலாம் என்று அவருக்குத் தெரியும்.

"எடப்பக்கம் தண்டலே, எடப்பக்கம்" என்று சூசையடிமை அணியத்திலிருந்து கத்தினான்.

கத்தியது கேட்டது. கத்தியதோடு அவன் இடது கையை நீட்டிக் காட்டவும் செய்தான். மழைத்திரையினூடே அந்தக் கை நூஹுவின் கண்ணில் பட்டது. சுக்கானை வலப்பக்கம் ஒடித்தால் போதும், ஒதுங்கிவிடலாம். ஆனால் அப்படிச் செய்வது, என் காதை நம்பமுடியாது, நீ சொல்வதைத்தான் நம்பவேண்டும் என்று ஒப்புக்கொள்வதாகும். மூச்சு இழுத்து விடும் நேரந்தான். இத்தனை வருஷம் கடலில் கேட்ட காது வலம் என்கிறது, இவன் என்ன எனக்குச் சொல்வது என்று ஒரு வீம்பு அவர் கையில் ஏறியது. அவர் இடப்பக்கம் திருப்பினார்.

கப்பல் மழையைக் கிழித்துக்கொண்டு நேர் எதிரே வந்தது. கப்பல்காரன் மூன்று குறுஞ்சங்கு ஊதி, எந்திரத்தைப் பின்னோட்டினான். அதனால்தான் ஆறு பேரும் பிழைத்தார்கள். கப்பல் தோணியின் விலாவை உரசிக்கொண்டு போயிற்று. முன்பாய்மரம் முறிந்து விழுந்தது. அதன் அடியில் செய்யது அலியின் வலது கால் இருந்தது.

கப்பலிலிருந்து படகிறக்கிக் காலுக்குக் கட்டுப்போட்டார்கள். தோணியைக் குளச்சலுக்கு நேரே இழுத்துவந்து விட்டார்கள். அங்கிருந்து வள்ளத்தில் கரை, கரையிலிருந்து வாடகைக் காரில் நெய்யூர் ஆஸ்பத்திரி. மறுநாள் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். உயிர் தங்கியது.

நாலாம் நாள் துறைமுக அதிகாரி விசாரித்தார். காவல் நின்றவன் எந்தப் பக்கம் என்று சொன்னான் என்று கேட்டார்.

நூஹு அந்தக் கேள்வி வரும் என்று எதிர்பார்த்தே போயிருந்தார். பொய் சொல்லவேண்டும் என்று போகவில்லை. ஆனால் அதிகாரியின் மேசைக்கு முன்னால் நிற்கும்போது, காது போனது, தோணி ஓட்டும் உரிமைச் சீட்டுப் போவது, மருமகனின் கால் போனது தன்னால்தான் என்று அக்காள் முகத்தில் விழிக்கவேண்டியது எல்லாம் ஒன்றாக வந்து நின்றன.

"வலப்பக்கம்னு சொன்னான்" என்றார்.

சூசையடிமை அவரைத் திரும்பிப் பார்த்தான். "ஐயா, நான் எடம்னுதான் சொன்னேன்" என்றான். மற்ற மூன்று பேரும் பாய் இறக்குவதில் இருந்தார்கள். மழையில் ஒன்றும் கேட்கவில்லை என்றார்கள். தண்டலின் வார்த்தை, அதுவும் சொந்த மருமகனின் காலைப் பறிகொடுத்தவரின் வார்த்தை, அதிகாரிக்குப் பெரிதாகப் பட்டது. சூசையடிமையின் தோணிச் சீட்டு ரத்தாயிற்று. வெளியே வந்தபோது அவன் ஒன்றும் பேசவில்லை. பேசியிருந்தால் நூஹுவுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

சூசையடிமையின் மனைவி ரீத்தா மீன் விற்கிறவள். பனையோலைக் கடவத்தைத் தலையில் வைத்துக்கொண்டு அந்தத் தெரு வழியாகத்தான் தினமும் வருவாள். மறுநாள் அவள் வந்தபோது கதீஜா பீவி வாசலுக்கு வந்து, "எனக்க பிள்ளைக்க கால எடுத்தவன் உனக்க மாப்பிள. இந்தத் தெருவுல இனி காலு குத்தாத. அவனுக்க நாக்கு புழுக்கும்" என்றாள். ரீத்தா கடவத்தை இறக்கவே இல்லை, வந்த வழியே திரும்பிப் போனாள். அதற்கப்புறம் அந்தத் தெருவில் யாரும் அவளிடம் மீன் வாங்கவில்லை. நூஹு உள்ளே கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் வலது காதால் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவர் ஒருநாள் விட்டு ஒருநாள் நெய்யூருக்குப் போய்வந்தார். பத்தாம் நாளோ பன்னிரண்டாம் நாளோ, செய்யது அலியின் கட்டிலருகே முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவன் படுத்திருந்தது அவருக்கு இடப்பக்கம். வலப்பக்கத்தில் நேசம்மாள் என்ற நர்ஸ் அடுத்த கட்டில்காரருக்கு மருந்து ஊற்றிக்கொண்டிருந்தாள். செய்யது அலி என்னவோ மெதுவாகக் கேட்டான். உதடு அசைந்தது தெரிந்தது.

"ஆமா மக்கா, ஆமா" என்றார் நூஹு.

அவன் அவரையே பார்த்தான். கண் நிறைந்தது. வலிக்கிறது போலும் என்று அவர் நினைத்தார். நேசம்மாள் மருந்துக் குப்பியை வைத்துவிட்டு அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"அவரு கேட்டது உங்களுக்குக் கேட்டுதா?" என்றாள்.

"கேட்டுது, கேட்டுது."

"என்ன கேட்டாரு?"

செய்யது அலியே குரலை உயர்த்திச் சொன்னான்.

"சூசையண்ணன் எடம்னுதானே கத்தினாரு மாமான்னு கேட்டேன். அன்னைக்கு எனக்க காதுலயும் அப்பிடித்தான் விழுந்திச்சு. மரம் விழுந்த மயக்கத்துல தப்பாக் கேட்டுதோன்னு இத்தன நாளும் நெனச்சேன். இப்ப நீங்க ஆமான்னு சொன்னீங்க."

கேட்கவில்லை என்று சொன்னால் காது போனது வெளியாகும். கேட்டது என்றால் பொய் வெளியாகும். எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டியது. நேசம்மாள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அடுத்த கட்டில்காரரும் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"எனக்கு எடத்த காது கேக்காது மக்கா" என்றார் நூஹு. "ரெண்டு வருஷமாச்சு. அவன் எடம்னுதான் சொன்னான்."

செய்யது அலி, "நீங்க போங்க மாமா. உம்மாவ வரச்சொல்லுங்க" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

அன்றே நூஹு அக்காளிடம் சொன்னார். கதீஜா பீவி அழவில்லை, ஏசவும் இல்லை. முட்டாக்கை இழுத்துவிட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள். இரவு திரும்பிவந்து அவருக்குச் சோறு வைத்தாள். அதன் பிறகும் வேளை தவறாமல் வைத்தாள். வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள்.

மறுநாள் காலை துறைமுக அலுவலகத்துக்குப் போனார். காது கேளாததை மறைத்ததும், காவல்காரன் சொன்னதை மாற்றிச் சொன்னதும் குமாஸ்தாவிடம் சொல்லி எழுதவைத்துக் கைநாட்டு வைத்தார். அதிகாரி அவருடைய சீட்டை வாங்கி மேசைக்குள் போட்டார். திட்டியிருக்கலாம், திட்டவில்லை.

சூசையடிமையிடம் நேரில் சொல்லவேண்டும் என்று அவன் வீட்டுக்குப் போனார். ரீத்தா கதவைப் பாதி திறந்து நின்றாள். உள்ளே கூப்பிடவில்லை. "குலசேகரத்துல ரப்பர் தோட்டத்துல பால் செமக்கப் போயிருக்காரு" என்று மட்டும் சொன்னாள்.

மார்த்தாண்டத்தில் பஸ் மாறிக் குலசேகரம் போய்ச் சேர மத்தியானம் ஆயிற்று. மலைச்சாரல் தூறிக்கொண்டிருந்தது. சூசையடிமை தோளில் கம்பு வைத்து இரண்டு வாளி ரப்பர் பாலைச் சுமந்துகொண்டு சரிவில் இறங்கி வந்தான். கடற்கரை மணலில் நடந்து பழகிய கால், சேற்றில் வழுக்கி வழுக்கி நடந்தது. கெண்டைக்காலில் அட்டை கடித்த இடத்தில் ரத்தம் வழிந்திருந்தது. நூஹுவைக் கண்டதும் வாளிகளை இறக்கி வைத்தான்.

பஸ்ஸில் வரும்போதே நூஹு சொல்லவேண்டியதைக் கோத்து வைத்திருந்தார். ஏறக்குறைய அப்படியே சொன்னார். காது போனது, அதிகாரியிடம் எழுதிக் கொடுத்தது, அவனுடைய சீட்டுத் திரும்பக் கிடைக்கும் என்பது. சொல்லி முடித்தபோது நெஞ்சு கொஞ்சம் லேசானதுபோல இருந்தது.

சூசையடிமை நெற்றித் தண்ணீரை வழித்துவிட்டான்.

"உமக்க காது எனக்குத் தெரியும்" என்றான். இத்தனை வருஷமும் நீங்க என்றே பேசியவன். "போன வருஷமே தெரியும். கூப்பிட்டா எதிர்ப்பக்கம் திரும்புவீரு. அதுக்குத்தான் கத்தினதோட கையும் காட்டினேன். நீரு எனக்க கையப் பாத்தீரு. உமக்க கண்ணு எனக்க கைமேல இருந்ததை நான் கண்டேன்."

நூஹு குனிந்து வாளியைப் பார்த்தார்.

"பாத்தீரா, இல்லியா?"

"பாத்தேன்."

"அதை ஆபீசுல சொன்னீரா?"

"இல்ல."

"காது கேக்கலன்னு எழுதிக் குடுத்தா ஊரு பாவம்னு சொல்லும். செவிடன் என்ன செய்வான்னு சொல்லும்." சூசையடிமையின் குரல் உயரவில்லை. "நானும் தெரிஞ்சும் வாயத் திறக்காம உம்மோட ஓடினவன்தான். அது எனக்க தப்பு, அதை நான் பாத்துக்கிடுவேன். உம்மளதை நீரு முழுசாச் சொல்லும்."

அவன் கம்பைத் தோளில் ஏற்றிக்கொண்டு போனான். நூஹு மரத்தடியில் நின்றார். அதிகாரியிடம் சொன்னபோது அந்தக் கையை மறந்துவிடவில்லை. அது கண்ணுக்குள்ளேயே இருந்தது. அதை மட்டும் விட்டுவிட்டுச் சொல்ல நாக்குத் தானாகவே பழகியிருந்தது. பொய்யை எடுத்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு அதன் வேரை மறைத்து வைத்திருந்தார். மலையேறி வந்தது மன்னிப்புக் கேட்க அல்ல, பாரத்தை இறக்கி இவன் தோளில் வைக்கத்தான் என்று தோன்றியபோது அவருக்கு உடம்பே கூசியது. நனைந்த ரப்பர் மரங்களுக்கு நடுவில் பால் வெட்டுகிற பெண்கள் அவரைக் கடந்து போனார்கள். அவர்கள் முகத்தைக்கூட அவரால் பார்க்க முடியவில்லை.

மறுநாள் மறுபடியும் அலுவலகத்துக்குப் போனார். "இன்னும் ஒண்ணு எழுதணும்" என்றார். குமாஸ்தா எழுதிவிட்டு, வழக்கப்படி உரக்க வாசித்துக் காட்டினார். சரக்குச் சீட்டுக்காக வந்த பத்துப் பன்னிரண்டு பேர், அவரோடு ஓடியவர்கள், அவரைக் கண்டால் எழுந்து நிற்கிறவர்கள், அங்கே இருந்தார்கள். காவல்காரன் இடது கையை நீட்டிக் காட்டியதை நான் கண்ணால் கண்டேன். கண்டும் வீம்பினால் எதிர்ப்பக்கம் திருப்பினேன். அதனால் என் மருமகன் கால் போயிற்று. குமாஸ்தா ஒரு சொல்லையும் விழுங்காமல் வாசித்தார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

ஆவணியில் தோணிகள் மறுபடி கடலிறங்கியபோது சூசையடிமைக்குச் சீட்டுத் திரும்பக் கிடைத்தது. வேறொரு தோணியில் ஏறினான். நூஹு கயிறு திரிக்கிற இடத்தில் நார் பிரிக்கும் வேலைக்குப் போனார். செய்யது அலி ஊன்றுகோலோடு வீடு வந்தான். பெண்வீட்டார் யோசித்துச் சொல்கிறோம் என்றவர்கள் பிறகு வரவே இல்லை. மாமனும் மருமகனும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தார்கள். தேவைக்குப் பேசிக்கொண்டார்கள். அவன் தன்னிடம் பேசும்போது சுற்றிக்கொண்டு வலப்பக்கம் வந்து நின்றதுதான் நூஹுவுக்கு எல்லாவற்றையும்விடக் கனத்தது.

ரீத்தா அதற்கப்புறமும் அந்தத் தெருவுக்கு வரவில்லை. இப்போது மீன் வாங்க ஆள் இருந்தும் வரவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு, கதீஜா பீவி ஒன்றும் சொல்லாமல் கடற்கரைப் பக்கம் நடந்து போனாள். பொழுது சாய்ந்து மஃரிபு பாங்கு சொல்வதற்கு முன் திரும்பிவந்தாள். நூஹு வாசலில் நின்றிருந்தார். அக்காள் எங்கே போனாள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. தன்னை உள்ளே கூப்பிடாத ரீத்தாவின் வீடு அது.

"என்ன சொன்னா?" என்று கேட்டார்.

கதீஜா பீவி செருப்பைக் கழற்றினாள். மூன்று மாதத்தில் முதல்முறையாக அவர் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"இருக்கச் சொன்னா. இருந்தேன்" என்றாள். "வேற ஒண்ணும் சொல்லல."