எந்தக் கால்

"எந்தக் கால் அப்பு?" என்று கேட்டாள் தகடு விற்கிறவள்.

அந்தோனியார் கோயில் வாசல். காலைப் பூசை முடிந்து சனம் கலைகிற நேரம். அவளுடைய தட்டில் வெள்ளித் தகட்டில் வெட்டிய கண், கை, கால், குழந்தை எல்லாம் கிடந்தன. எந்த உறுப்புக்கு வருத்தமோ அந்த உருவை வாங்கி அந்தோனியார் காலடியில் வைத்தால் நேர்த்தி முடிந்தது. வலது இடது என்ற பேதமெல்லாம் தகட்டுக்குக் கிடையாது. அவள் சும்மா கரிசனையில்தான் கேட்டாள். மில்ரனுக்குத்தான் எந்தக் கால் என்று நினைவில்லை. குனிந்து தன் கால்களைப் பார்த்தான். பண்டேஜ் வலதில் இருந்தது.

"வலது," என்றான்.

தாய் அன்ரோனெற் திரும்பி அவனைப் பார்த்தாள்.

முழங்காலுக்கு ஒரு கேடும் இல்லை. அவன் ஊரான விடத்தல்தீவில் பந்து உதைக்காத பெடியனைப் பெடியன் என்றே மதிக்கமாட்டார்கள். பல்கலைக்கழக அணிக்குக் கோல் காக்கிறவன் என்றால் கேட்கவா வேணும்! ஆனால் இரண்டு மாதமாக அவனுக்கு நித்திரை இல்லை. கண்ணை மூடினால் பந்து வந்தது. ஒவ்வொரு போட்டிக்கும் முன் கக்கூசுக்குள் போய், சத்தம் வெளியில் கேளாமல் குழாயைத் திறந்துவிட்டுச் சத்தியெடுத்தான். "ஏதும் பிரச்சினையோ?" என்று கோச் இரண்டு தரம் கேட்டார். "இல்லை சேர்," என்றான் இரண்டு தரமும். ஆறடி ஆம்பிளை, பந்துக்குப் பயம் என்று எந்த வாயால் சொல்வது? இறுதிப் போட்டியன்று மூச்சு முட்டி எழும்பவே முடியாமல் போனபோது, முழங்கால் பிரண்டு போச்சு என்றான். கால் என்றால் ஆரும் துருவிக் கேட்கமாட்டார்கள்.

அவனுக்குப் பதிலாக நின்ற றெனால்ட் நாலு கோல் விட்டான். முகநூலில் அவனை நார்நாராகக் கிழித்தார்கள். அடுத்த நாள் அந்த றெனால்டே போன் எடுத்து, "உன்ரை கால் எப்பிடி மச்சான்?" என்று கேட்டான். "நோவு குறையேல்லையடா," என்று மில்ரன் அவனுக்கும் பொய் சொன்னான். சொல்லிவிட்டுப் போனைக் குப்புற வைத்தான். தன்னை நினைக்கவே அருவருப்பாக இருந்தது. இன்றைக்குப் பூசையில் சுவாமியார் அவன் பெயரைச் சொல்லி மன்றாட, முழுக் கோயிலும் கூடச் சேர்ந்து மன்றாடியது. வாய் திறக்காமல் நின்றவன் அவன் ஒருவன்தான்.

விற்கிறவள் கால் தகட்டை எடுத்து நீட்டினாள். அன்ரோனெற் வாங்கவில்லை.

"நேற்றுக் கிணத்தடியிலை இடதிலையெல்லோ கட்டியிருந்தனி," என்றாள் மெல்ல.

மில்ரனுக்கு முகம் எரிந்தது. பின்னால் ஆரும் நிற்கிறார்களா என்று பார்த்தான்.

"அம்மா..."

"பயப்பிடாதை. நான் ஆருக்கும் சொல்லேல்லை. கால் இல்லையெண்டால் என்னெண்டு சொல்லு, மகன். அதை வாங்கி வைப்பம்."

விற்கிறவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. இருந்தாலும் அவன் தெரிந்தெடுக்கட்டும் என்று தட்டைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தாள். மில்ரன் கையை நீட்டினான். எதைத் தொடுவது என்று தெரியாமல் அது தகடுகளுக்கு மேலே நின்று நடுங்கியது. அடக்கப் பார்த்தான், அடங்கவில்லை. அன்ரோனெற் தட்டைப் பார்க்காமல் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.