கடி சரியில்லை

கடிகாரம் பழுது பார்ப்பவரைத் தெருவில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பால் விற்றால் பால்காரர், பூ விற்றால் பூக்காரர். இவர் கடி ஜோக்குகளை இலவசமாக விநியோகம் செய்துவந்ததால் கடிகாரர். தொழிலுக்கும் பொருந்தியது, குணத்துக்கும் பொருந்தியது. ஓடாத கடிகாரத்தோடு கடைக்கு வந்தவரிடம், "எந்தக் கடி உறைக்கும், சொல்லுங்க?" என்பார். வந்தவர் திருதிருவென்று விழிப்பார். "கடி-காரம்!" என்று சொல்லிவிட்டு மேசை அதிரச் சிரிப்பார். வேறு கடைக்குப் போகலாம்தான். ஆனால் மனுஷர் வேலையில் கில்லாடி என்பதால் ஊரே பல்லைக் கடித்துக்கொண்டு அங்கேயே வந்து போனது.

அவருக்கு இருந்த ஒரே கவலை மருமகள். பெண் தங்கமானவள், அதில் சந்தேகமே இல்லை. கல்யாணமாகி மூன்று மாதம் ஆகியும் "சரிங்க மாமா", "வேணாங்க அத்தை" என்பதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை, அதுதான் கவலை. சாப்பாட்டு மேசையில் இவர் ஒரு ஜோக் சொன்னால் போதும், அவள் முகம் சிவந்துபோகும். உதட்டை இறுக மடித்துக்கொள்வாள். தண்ணீர் எடுத்துவருகிற சாக்கில் எழுந்து போய்விடுவாள். தண்ணீர் ஜக் நிறைய மேசை மேலேயே இருக்கும்.

"நம்ம வீடு அவளுக்குப் பிடிக்கலையோ?" என்று மனைவியிடம் கேட்டார்.

"வீடு பிடிச்சிருக்கும். உங்க ஜோக்கைத்தான் பிடிச்சிருக்காது. கொஞ்சம் வாயை வச்சுக்கிட்டு சும்மா இருங்களேன்."

ஒரு காலை வேளை முழுக்கச் சும்மா இருந்து பார்த்தார். தலைவலிதான் வந்தது.

மருமகளோடு கூடவே அந்த வீட்டுக்கு வந்தது ஒரு நாய்க்குட்டி. சுருண்டு படுத்தால் மளிகைக் கடையில் மடித்துக் கொடுத்த மாதிரி இருக்கும் என்பதால் அதற்குப் பொட்டலம் என்று பேர். அந்தப் பொட்டலம் திடீரென்று சாப்பாட்டுக் கிண்ணத்தைப் பார்த்தாலே ஒதுங்க ஆரம்பித்தது. ஒரு வாய் மெல்லும், வீல் என்று கத்தும், கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். மகன் வேலை விஷயமாக வெளியூர் போயிருந்தான். மருமகள் தயங்கித் தயங்கி வந்து நின்றாள். "மாமா, டாக்டர்கிட்ட..." என்று ஆரம்பித்தாள். அவள் முடிப்பதற்குள் இவர் செருப்பை மாட்டிவிட்டார்.

கால்நடை மருத்துவமனையில் எதிர் பெஞ்சில் ஒரு பூனை கூடைக்குள் உட்கார்ந்திருந்தது. மேல் கோரைப் பல் ஒன்று கோணலாக முளைத்துக் கீழ் உதட்டின் மேல் ஏறி நின்றதால், உலகத்தையே நக்கலடிக்கிற மாதிரி ஒரு முகம். கடிகாரருக்கு அதைப் பார்த்தவுடனே பிடித்துப்போயிற்று. கூடைக்கு அருகே குனிந்து இரண்டு ஜோக் சொன்னார். பூனை திரும்பி உட்கார்ந்துகொண்டது.

உள்ளே டாக்டரம்மா பொட்டலத்தின் வாயைத் திறந்து சின்ன டார்ச்சை அடித்துப் பார்த்தார். டார்ச்சைக் கண்டதும் இவருக்கு நாக்கு துறுதுறுத்தது.

"டாக்டரம்மா, எந்த விளக்குக்குப் பல்லு இருக்கு, தெரியுமா? பல்-புக்கு!"

டாக்டரம்மா நிமிரவில்லை. "கடி சரியில்லை" என்றார்.

இவருக்குச் சுருக்கென்றது. "சரி, வேற ஒண்ணு சொல்லட்டுமா?"

"ஐயா, நான் சொன்னது நாயோட கடி."

மருமகள் உதட்டை மடித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினாள். தோள்கள் குலுங்கின. குட்டியை நினைத்து அழுகிறாள் பாவம் என்று இவர் தன் வாயைத் தானே திட்டிக்கொண்டார்.

டாக்டரம்மா இருவரையும் கிட்டே கூப்பிட்டுக் காட்டினார். கீழ்த்தாடையில் கோரைப் பால் பல் இரண்டும் விழாமல் நின்றுவிட்டன. புதுக் கோரைப் பற்கள் வழி கிடைக்காமல் அவற்றுக்கு உள்பக்கமாக முளைத்திருந்தன. வாயை மூடும்போதெல்லாம் அவை மேல் அண்ணத்தில் போய்க் குத்தின. அண்ணத்தில் சிவப்பாக இரண்டு பள்ளம்.

"எங்கிட்ட சின்ன அரம் இருக்கு. பல் சக்கரத்துல பிசிறு இருந்தா ரெண்டு இழுப்பு இழுப்பேன், சரியாயிடும்" என்றார் கடிகாரர்.

"சக்கரத்துக்கு வலிக்காதுங்க. இந்தப் பல்லுக்குள்ள நரம்பு ஓடுது. அரம் கடையிலயே இருக்கட்டும்." டாக்டரம்மா சிரித்துவிட்டு மருமகளைப் பார்த்தார். "பால் பல்லை நான் எடுத்துடறேன். புண்ணு ஆறினதும் ஒரு ரப்பர் பந்து குடுங்க. கீழ்ப் பல்லு ரெண்டுக்கும் நடுவுல இருக்கற இடத்தைவிட ஒரு சுத்து பெருசா இருக்கணும். அதைக் கவ்விக் கடிக்கக் கடிக்க ரெண்டு பல்லும் வெளிப்பக்கம் சாயும். தினம் மூணு வேளை, ஒவ்வொரு தடவையும் கால் மணி நேரம். எலும்பு இளசா இருக்கு, கேக்கும்."

"கேக்கலைன்னா?" என்றாள் மருமகள். அவள் கேட்ட முதல் கேள்வி அது.

"அந்த ரெண்டு பல்லையும் எடுத்துடணும். விட்டா அண்ணத்துல ஓட்டை விழுந்து மூக்கு வரைக்கும் போயிடும்."

வீடு திரும்பும் வழியில் குட்டியின் தலையில் இரண்டு சொட்டுக் கண்ணீர் விழுந்ததைக் கடிகாரர் பார்த்துவிட்டார். அவருக்கு மனசு தாங்கவில்லை. "அழாதம்மா. பல்லைக் காப்பாத்தறது என் பொறுப்பு" என்று வாக்குக் கொடுத்துவிட்டார். எப்படி என்று யோசித்தது அதற்கப்புறம்தான்.

புண் ஆறியது, பந்து வந்தது. பொட்டலம் அதைக் கவ்வும், உடனே துப்பும். மனைவி கொஞ்சிப் பார்த்தாள், அதட்டிப் பார்த்தாள். மருமகள் பந்தை உருட்டி உருட்டிக் கை ஓய்ந்தாள். கடைசியில் கடிகாரர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். வேறு ஒன்றும் தோன்றாமல், பழக்க தோஷத்தில் நாயிடமே கேட்டார்: "டேய், ஒரு சென்ட் நிலம் இல்லாதவன்கூட வச்சிருக்கற காணி எது?"

பொட்டலத்தின் காது நிமிர்ந்தது. பந்தைக் கவ்வியபடி தலையைச் சாய்த்துப் பார்த்தது.

"தலகாணி!"

வால் ஆடியது. பந்து வாயிலேயே இருந்தது. பேச்சு நின்றது, பந்து விழுந்தது. "வீட்டுக்குள்ளயே நிக்கற மாரி எது? அலமாரி!" என்றார். பந்து மறுபடி வாய்க்குள் போய்விட்டது.

"பார்த்தியா! ரசிகன்டி!" என்று கூவினார்.

"ஒரு ஜீவனாவது கிடைச்சுதே" என்றாள் மனைவி.

அன்றிலிருந்து அந்த வீட்டில் மூன்று வேளையும் கடிதான். மனைவி காதில் பஞ்சை வைத்துக்கொண்டு காய் நறுக்கினாள். பக்கத்து வீட்டில் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள். மருமகள் மட்டும் அந்த நேரம் பார்த்துத் துவைத்த துணியையே மறுபடி துவைக்கப் போனாள். போகட்டும், பொட்டலம் வலியில்லாமல் மெல்லத் தொடங்கியிருந்தது, அதுவே பெரிய சந்தோஷம்.

மூன்றாவது வாரம் கடிகாரரின் தொண்டை மக்கர் செய்தது. ஒரு சாயங்காலம் வாயைத் திறந்தார், வெறும் காற்றுதான் வந்தது. பொட்டலம் பந்தைத் துப்பியது. மறுநாள் டாக்டரம்மாவிடம் காட்ட வேண்டும். பற்கள் அண்ணத்தின் விளிம்பு வரை வந்துவிட்டன, இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. மனைவி பதறிப்போய்ச் செய்தித்தாளை எடுத்து உரக்கப் படித்தாள். பொட்டலம் கொட்டாவி விட்டது.

ஈரக் கையோடு மருமகள் கதவருகே வந்து நின்றாள். குட்டியைப் பார்த்தாள், மாமனாரைப் பார்த்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"மூணு முள்ளு இருக்கு, ஆனா மீன் இல்ல. அது என்ன?"

பொட்டலம் ஓடிப்போய்த் தானாகவே பந்தைக் கவ்வி அவள் காலடியில் உட்கார்ந்தது.

"கடிகாரம்" என்றாள் அவள்.

முப்பது வருஷமாக முள்ளோடு குடித்தனம் நடத்தியவர் கடிகாரர். அது அவருக்குத் தோன்றியதே இல்லை. குரல் இல்லாததால் தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார், கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். அவள் விடவில்லை. அணை உடைந்த மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. எல்லாமே இவருடையதைவிட மோசம், அதாவது ரொம்பப் பிரமாதம். கால் மணி நேரம் அரை மணியானது. மனைவி ஒரு காதுப் பஞ்சை எடுத்துவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். "ஐயோ, இன்னொண்ணா!"

"எங்கம்மா சொல்லி அனுப்பிச்சாங்க மாமா" என்றாள் மருமகள், மூச்சு வாங்கியபடி. "போற வீட்ல வாயைத் தொறந்துடாதே, ரெண்டு சம்பந்தம் உன் வாயாலதான் கெட்டுப்போச்சுன்னு. அதான் ரூமுக்குள்ள இதுகிட்ட மட்டும் சொல்லிட்டிருந்தேன். நீங்க சொல்லும்போதெல்லாம் பதில் நாக்கு நுனி வரைக்கும் வரும். ஓடிப்போய் அடுக்களைல சிரிச்சுட்டு வருவேன்."

கடிகாரர் ஒரு நிமிஷம் கணக்குப் போட்டுப் பார்த்தார். பிறகு காற்றுக் குரலில் கேட்டார். "அப்ப இவன் என் ரசிகன் இல்லையா?"

"உங்களுக்கும் ரசிகன்தான் மாமா. பழகினது எங்கிட்ட."

மறுநாள் டாக்டரம்மா பொட்டலத்தின் வாயை மூடிப் பார்த்தார், திறந்து பார்த்தார். கீழ்க் கோரைப் பற்கள் இரண்டும் மேல் பற்களின் இடைவெளியில் அழகாக வந்து உட்கார்ந்தன. அண்ணத்துப் பள்ளம் ஆறத் தொடங்கியிருந்தது.

"பல்லை எடுக்க வேணாம். கடி அருமையா இருக்கு!"

"நாயோடதா, என்னோடதா டாக்டர்?" என்றாள் மருமகள். டாக்டரம்மா டார்ச்சைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். கடிகாரருக்குப் பெருமை தாங்கவில்லை. போட்டியே இல்லாமல் கிடந்த வீட்டுக்குத் தனக்குச் சரிசமமான ஆள் வந்திருக்கிறது, அதுவும் மருமகளாக.

வீட்டுக்கு வந்ததும் மருமகள் போனை எடுத்தாள்.

"அம்மா... நான் இங்க வாயைத் தொறந்துட்டேன்."

மறுமுனையில் அலறிய அலறல் கூடம் வரைக்கும் கேட்டது. "அடிப்பாவி! தலைப்பாடா அடிச்சுக்கிட்டேனே! உங்க மாமனார் என்னடி சொல்றாரு?"

மருமகள் திரும்பிப் பார்த்தாள். கடிகாரர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் பொட்டலம், வாயில் பந்து. இரண்டு பேரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னொண்ணு சொல்லச் சொல்றாரும்மா" என்றாள்.