விரலில் ஓடிய படம்

இத்தாலியத் தீவொன்றில், சீசா என்ற பகுதியின் அரங்கில், எங்கள் மேல்வீட்டு மொரீசியசுத் தமிழ்ப் பையன் லுடோவிக் அன்றுதான் முதல்முறையாக ஓர் இசைக்குழுவை நடத்தினான். நூறு வயது தாண்டிய இத்தாலிய ஊமைப்படம் திரையில் ஓடும். கீழே நாற்பது பேர் அதற்கு வாசிக்க வேண்டும். முடிவில் பேரலை கோயிலை அடிக்கும் கணத்தில் பெருமுரசும் அதிர வேண்டும். பிசகினால் வேலை இல்லை என்று அரங்க இயக்குநர் சொல்லிவிட்டார். முன்வரிசையில் கைகட்டி இருந்தார் மனிதர்.

பையனுக்காக எங்கள் சனம் முழுவதும் வந்திருந்தது. மாடத்தில், படம் எறியும் அறைக்கு நேர்முன்னால் எங்களுக்கு மலிவு இருக்கைகள்.

நாயகி அழுதாள். லுடோவிக்குக்கு இளகிய மனது, வயலின்களை நீட்டி இழுக்கவிட்டான். படம் இளகவில்லை. திரையில் பூசாரி அடுக்குத்தீபத்தைத் தூக்கியாயிற்று. கீழே இன்னும் அழுகை. லுடோவிக்கின் முன்னால் இருந்த சின்னத்திரையிலும் அதே பூசாரி. பையனின் பிடரியில் வியர்வை உருள்வதை மாடத்திலிருந்தே கண்டேன்.

"பிந்திப்போனான்," என்றேன்.

"சும்மா இருங்கோ. உங்கடை கரிநாக்கு," என்றாள் என் மனைவி கனகேஸ்வரி.

இசைக்குழுவின் மணிக்காரன் பொறுக்கமாட்டாமல், படத்தைப் பார்த்துத் தன்பாட்டுக்கு மணியை அடித்தான்.

தீபம். மணி. வேறென்ன வேண்டும்? கனகேஸ்வரி எழும்பினாள். மாடமே எழும்பியது. "அரோகரா!" கைகளெல்லாம் தலைக்கு மேலே.

திரை இருண்டது. படம் எங்கள் கைகளில் ஓடியது. நாயகி என் சின்னவிரலில் வந்து அழுதாள், நகம் நனைந்தது.

லுடோவிக் ஒருகணம் திரும்பிப் பார்த்தான். சட்டென்று வாசிப்பை நிறுத்தி, தாள்களைப் புரட்டி, இந்த இடம் என்று தூக்கிக் காட்டினான். நாற்பது பேரும் படபடவென்று புரட்டினார்கள். சின்னத்திரையில் கடல் எழும்பத் தொடங்கியிருந்தது. முரசுக்காரன் கோலை ஓங்கினான்.

"தீபம் இஞ்சாலை வராதோ?" என்றாள் கனகேஸ்வரி, கை இறக்காமல்.

"வராது. இரும், இரும்! அலை வருகுது!"

சேலையைப் பிடித்து இழுத்தேன். அவள் இருந்தாள். ஒவ்வொருவராக இருந்தார்கள். கடைசிக் கை இறங்கியதும் அலை அடித்தது. முரசு அதோடு அதிர்ந்தது.

முன்வரிசை நனைந்துபோனது. இயக்குநர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். கண்டதைத்தான் சொல்கிறேன்.

வாசலில் லுடோவிக் ஓடிவந்து இத்தாலியனில் மூச்சு வாங்கினான். வேலை கிடைத்துவிட்டது. இருட்டும் கூக்குரலும் அவனுடைய யோசனை என்று இயக்குநர் நம்பிவிட்டார். அடுத்த மாதம் நேப்பிள்ஸில் காட்சி. நாங்கள் எல்லோரும் கப்பலேற வேண்டுமாம்.

கனகேஸ்வரி யோசித்தாள்.

"அண்டைக்கு மச்சம் மாமிசம் சாப்பிடலாமோ எண்டு கேளுங்கோ."