சம்பளம் கேட்கப் போன அப்பா

அக்கா காதலிப்பதில் அப்பாவுக்கு ஆட்சேபனை இல்லை. அந்த ஆள் ஷோரூமில் கார் விற்கிறவர் என்பதிலும் இல்லை. "சம்பளம் எவ்வளவு?" என்று கேட்டதற்கு அக்கா, "மாசத்துக்கு மாசம் மாறும்ப்பா" என்றாளே, அதில்தான் பிடித்துக்கொண்டது. அப்பா அரசாங்க அலுவலகத்தில் கணக்காளர். மாதாமாதம் மாறுகிறவற்றில் அவர் அங்கீகரித்திருப்பது காலண்டர் தாளை மட்டும்.

"நேர்லயே கேட்டுடறேன். ஒழுங்கா ஒரு தொகை சொன்னா கல்யாணம். இல்லன்னா வேற வேலை தேடிக்கிட்டு வரட்டும்" என்று கிளம்பினார். எப்படியும் வீட்டுக்கு ஒரு கார் வாங்க வேண்டியிருந்தது. துணைக்கு நான்.

ஷோரூம் தரை பளபளத்தது. அப்பா அதை ஈரம் என்று நினைத்து ஓரமாகவே நடந்தார். அத்தான் (நான் முன்கூட்டியே அப்படித்தான் கூப்பிடுகிறேன்) எங்களைக் கண்டதும் டையை இறுக்கினார். மூச்சு முட்டியதும் தளர்த்தினார்.

விலையைப் பார்த்தால் அப்பாவுக்குச் சும்மா இருக்க வராது. பல் பிடுங்கப் போன இடத்தில், இரண்டாவது பல்லுக்குக் குறைத்துக் கேட்டவர்.

"கொறச்சுச் சொல்லுப்பா."

"கொறச்சுத்தான் சார் சொல்லிருக்கேன்."

"இன்னும்."

அத்தான் கால்குலேட்டரைத் தட்டினார். குறைந்தது.

"சீட் கவர் சும்மா போட்டுடு."

"சரி சார்."

"டேங்க் நிறைய பெட்ரோல்?"

அத்தான் கால்குலேட்டரை ஓரமாக வைத்தார். "சரி சார்."

'பாத்தியாடா' என்பது போல அப்பா என் பக்கம் திரும்பி மீசையைத் தடவிக்கொண்டார்.

"இப்ப விஷயத்துக்கு வருவோம். உனக்கு மாசம் என்ன வரும்?"

"அடிப்படைச் சம்பளம் வீட்டு வாடகைக்கே சரியாப் போயிடும் சார். மத்தபடி வண்டிக்கு இவ்வளவுன்னு கமிஷன்."

"ஒரு வண்டிக்கு எவ்வளவு?"

"அது வாங்கறவங்களப் பொறுத்தது. கம்பெனி சொன்னதுக்கு மேல கொறச்சா, எங்க கமிஷன்ல கழிச்சுக்குவாங்க."

"இந்த வண்டிக்கு?"

அத்தானுக்குப் பொய் வராது. இந்தத் தொழிலில் எப்படிச் சேர்த்துக்கொண்டார்களோ தெரியவில்லை.

"சீட் கவர் வரைக்கும் கொஞ்சம் இருந்துச்சு சார். பெட்ரோல் நான்தான் போடறேன்."

மகளின் பர்ஸுக்குள் கையை விட்டு மாட்டிக்கொண்டவர் மாதிரி அப்பா உட்கார்ந்திருந்தார்.

"பெட்ரோல் வேண்டாம். சீட் கவருக்குக் காசு எழுது. அப்புறம், வாரன்ட்டிய நீட்டிக்கலாம்னு போட்டிருக்கே, அதுல உனக்கு உண்டா?"

"நல்லாவே உண்டு சார். ஆனா உங்களுக்கு வேண்டாம். வீட்டுக்கும் ஆபீசுக்கும்தான ஓட்டப்போறீங்க? தண்டச் செலவு."

"போடுன்னா போடேன்யா!"

"வேண்டாம் சார்."

வாங்குகிறவர் விலையை ஏற்ற, விற்கிறவர் இறக்க, சண்டை முற்றியது. மேனேஜர் கண்ணாடி அறையிலிருந்து எழுந்தே நின்றுவிட்டார். கடைசியில் சீட் கவரில் மட்டும் அப்பா ஜெயித்தார்.

வீட்டு வாசலிலேயே அக்கா பிடித்துக்கொண்டாள். "எவ்வளவாம்ப்பா?"

"பொழைக்கத் தெரியாதவன்" என்றபடி அப்பா செருப்பைக் கழற்றினார். அக்காவின் முகம் விழுந்துவிட்டது.

அவர் போனை எடுத்து, கார் வாங்க அலைந்துகொண்டிருந்த அலுவலக நண்பரைக் கூப்பிட்டார்.

"நாளைக்கு நான் சொல்ற ஷோரூமுக்குப் போற. அங்க நம்ம வீட்டு மாப்பிள்ளை இருக்காரு. சொன்ன விலைக்கு வாங்கற. பேரம் கீரம் பேசின, நமக்குள்ள பேச்சே கிடையாது."

அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மறுமுனையில் நண்பர் பதறிப்போய் என்னவோ விசாரித்தார்.

"இல்லடா," என்றார் அப்பா, "உடம்புக்கெல்லாம் ஒண்ணுமில்ல. நல்லாத்தான் இருக்கேன்."