பேருக்கு வந்த மாசு

ஞானவடிவு தன் மருமகளிடம் நேராகச் சொல்லக் கூசுவதையெல்லாம் ஆண்டவரிடம் சொல்லிவிடுவாள். குழம்பில் உப்புக் கூடியது, மருமகள் வெயில் ஏறிய பிறகு எழுந்தது, கிறிஸ்துமஸுக்கு அவள் தாய் வீட்டிலிருந்து வந்தது வெறும் நூல் சேலையாகப் போனது, எல்லாம் காலை ஜெபத்தில் வந்துவிடும். ஆண்டவர் கேட்டாரோ இல்லையோ, பக்கத்தில் முழங்காலில் நிற்கும் ஜெபமலருக்கு நன்றாகக் கேட்கும்.

சீனாக்காரனோடு நடந்த சண்டை நின்று சில வாரங்கள் ஆகியிருந்தன. தென்காசி மரக்கடை மாசிலாமணியின் வீட்டுக் கூடத்தில் அன்று காலையும் எல்லோரும் கண்ணை மூடி நின்றார்கள். ஞானவடிவு முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, தேசத்துக்காகவும், எல்லையில் பனியில் நிற்கும் பட்டாளத்துக்காரர்களுக்காகவும் ஜெபித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"ஆண்டவரே, இந்தப் பிள்ளைக்கு எங்க வீட்டுப் பேரை வைக்கது உமக்குப் பிரியமில்லன்னு எனக்குத் தெரியும். லாசருன்னு வைக்கச் சொல்லுதீரு. உம்ம சித்தம்போல ஆகட்டும்."

"ஆமென்" என்றார் மாமனார் மாசிலாமணி. வழக்கமாக அவர் அவ்வளவு சீக்கிரம் ஆமென் சொல்லுகிறவர் அல்ல.

ஜெபமலர் கண்ணைத் திறந்தாள். கையில் பிள்ளை நாக்கு நுனியை வெளியே நீட்டியபடி தூங்கிக்கொண்டிருந்தான். கணவன் ஏசுதாசனைப் பார்த்தாள். அவன் ஏற்கெனவே மூடியிருந்த கண்ணை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டான்.

"ஏன் மாமா வேற பேரு?" என்று ஜெபம் முடிந்ததும் கேட்டாள்.

மாசிலாமணி கோபப்படவில்லை. சபைக் கமிட்டியின் செயலாளர் அவர். எதையும் விளக்கிச் சொல்லிப் பழக்கப்பட்டவர். "மாசிலாமணின்னா அர்த்தம் என்னம்மா? மாசில்லாத மணி. இவனை அப்படிக் கூப்பிட்டா, இவனையா பாத்துச் சிரிப்பானுவ? என்னைப் பாத்துல்லா சிரிப்பானுவ. அந்தப் பேரு இருக்கட்டும். அடுத்து ஒருத்தன் வராமலா போயிருவான்?"

மூத்த பேரனுக்குத் தாத்தா பேரை வைப்பது அந்த வீட்டு வழக்கம். வேதத்துக்கு வருவதற்கு முன்னால் இருந்தே வந்த வழக்கம். மதம் மாறியபோது விக்கிரகங்களையெல்லாம் விட்டவர்கள் இதை மட்டும் கையோடு கொண்டுவந்துவிட்டார்கள். ஜெபமலருக்குக் கல்யாணமாகி நெடுநாள் பிள்ளையில்லை. அவள் உபவாசமிருந்தாள், ஆண்டவரிடம் என்னென்னவோ நேர்ந்துகொண்டாள். கடைசியில் மழைக்காலத்தில் ஆண்பிள்ளை பிறந்தபோது மாமனார் சபைக் கோயிலில் ஸ்தோத்திர ஆராதனை வைத்து, சபைக்கு முன் எழுந்து நின்று, கர்த்தர் தன் பேரை மறந்துபோகவில்லை என்று சாட்சி சொன்னார். பிள்ளையைப் பற்றிச் சொன்னதைவிடப் பேரைப் பற்றித்தான் அதிகம் சொன்னார். எல்லோருக்கும் பூந்தி கொடுத்தார்கள்.

பூந்தி தின்றவர்கள் எல்லோரும் பிள்ளையைத் தூக்கிப் பார்த்தார்கள். துணிபோலத் துவள்கிறானே, பால் குடிக்கத் திணறுகிறானே என்று அப்போது ஜெபமலர் ஒருத்திக்குத்தான் உறுத்தியது. திருநெல்வேலிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே டாக்டரம்மா பிள்ளையின் உள்ளங்கையை விரித்து, குறுக்கே ஓடிய ஒற்றை ரேகையைக் காட்டினாள். கண்ணோரங்களைக் காட்டினாள். நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டாள்.

"மத்தப் பிள்ளைங்க மாதிரி இவன் சீக்கிரம் உக்கார மாட்டான், நடக்க மாட்டான். பேச்சு வரவும் நாளாகும். படிப்பு வராதுன்னே வச்சுக்கங்க. இருதயத்திலயும் ஒரு சத்தம் இருக்கு. இதுக்கு மருந்து இல்லம்மா. இது யாரும் செஞ்ச தப்பும் இல்ல."

நோயின் பேரை அவள் இங்கிலீஷில் சொன்னாள். வாசலில் நின்ற மாசிலாமணியின் காதில் மங்கோல் என்ற பாதி மட்டும் விழுந்தது; மங்கோல் என்றால் அவருக்குச் சீனாக்காரன்தான். ஊர் வந்து சேர்ந்தார்கள். வீட்டுக்குள் நுழைந்ததும், தன் வம்சத்தில் சீனாக்காரன் எவனும் கிடையாது என்று அறிவித்தார். தேசப் பாதுகாப்பு நிதிக்கு மனைவியின் வளையலைக் கழற்றிக் கொடுத்து, பேப்பரில் பேர் வந்தவர் அவர். எல்லையில் தடுத்து நிறுத்திய முகம் தன் வீட்டுத் தொட்டிலில் வந்து படுத்துக்கொண்டதை அவரால் பொறுக்க முடியவில்லை.

யாரும் செய்த தப்பில்லை என்று டாக்டரம்மா சொன்னதை வீட்டில் ஒருவரும் ஏற்றுக்கொள்ளவில்லை. பெண்கள் ஐக்கிய சங்கத்தார் ஜெபிக்க வந்தார்கள். ஆளுக்கொரு பாட்டுப் பாடி, ஆளுக்கொரு பாவத்தைத் தேடினார்கள். தேடியது கிடைத்தது. பக்கத்து வீட்டு உலகம்மையோடு ஜெபமலர் ஒருமுறை இலஞ்சிக்குப் போயிருக்கிறாள். உலகம்மை முருகன் கோயிலுக்குள் போய் வரும்வரை தென்னந்தோப்பில் நின்றிருக்கிறாள். வீட்டுக்கு வந்ததும் உலகம்மை கொடுத்த பஞ்சாமிர்தத்தைத் தின்றிருக்கிறாள். எல்லாம் அவளே எப்போதோ சிரித்துக்கொண்டு சொன்னதுதான்.

"அதுக்குத்தான் இதுன்னா, உங்க மவனும்தான தின்னாவ அத்தை" என்றாள் ஜெபமலர். உண்மைதான். ஏசுதாசன் அன்று இரண்டாம் தரமும் கேட்டு வாங்கி, இலையை வழித்து நக்கினான்.

"ஆம்பள தின்னா அது தின்னதோட போச்சு" என்றாள் ஞானவடிவு. சங்கத்தார் தலையசைத்தார்கள். ஏசுதாசன் கடையில் வேலையிருக்கிறது என்று எழுந்து போனான்.

அன்றிலிருந்து ஜெபமலருக்கு ஜெபம் வரவில்லை. முழங்காலில் நிற்பாள், 'ஆண்டவரே' என்பாள், அதற்குமேல் வாய் ஓடாது. மற்றவர்கள் அவருக்கு இவ்வளவு சொல்லிக்கொடுத்த பிறகு, தான் என்ன சொல்வது என்று இருந்தது.

ஞானஸ்நானமாவது கொடுத்துவிடலாம் என்றால் அதுவும் நகரவில்லை. சபைக் குருவானவரை அந்தப் பக்கத்தில் ஐயர் என்பார்கள். ஐயர் வந்து காப்பி குடித்தார். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், கூட்டமில்லாத ஒரு சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அந்தச் சாயங்காலம் வரவேயில்லை. பிறகு லெந்து தவநாட்கள் வந்தன, பிறகு ஈஸ்டர், பிறகு சபைக்கெல்லாம் சோறு போடும் அசனப் பண்டிகை வேலை. லாசரு என்ற பேருக்குச் சம்மதித்தால் எல்லாம் சீக்கிரம் நடக்கும் என்று ஐயர் ஜாடையாகச் சொன்னார். ஜெபமலர் சம்மதிக்கவில்லை.

இதற்கிடையில் பிள்ளையைப் பார்க்க ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். செங்கோட்டையிலிருந்து மரம் ஏற்றி வந்த வண்டிக்காரர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். மாசிலாமணி யோசித்தார். குற்றாலத்துக் காற்று பிள்ளையின் நெஞ்சுக்கு நல்லது என்று ஒருநாள் அவருக்குத் தோன்றியது. ஐந்தருவி போகும் சாலையில் ஓட்டுவீடு ஒன்றை வாடகைக்குப் பிடித்து, தாயையும் பிள்ளையையும் அங்கே கொண்டுபோய் இறக்கினார். ஊரெல்லாம் சீசனுக்குக் குற்றாலத்தில் வீடு பிடிக்கும். அவர் பிடித்தபோது மலையில் ஈரமில்லை. அருவிப்பாறை வெயிலில் காய்ந்து கிடந்தது. குரங்குகளைத் தவிர ஒருவரும் இல்லை. அதற்காகத்தான் பிடித்தார். ஏசுதாசன் சனிக்கிழமைகளில் அரிசியும் மண்ணெண்ணெயும் கொண்டுவந்து வைத்துவிட்டு, இருட்டுவதற்குள் பஸ் பிடித்துப் போவான்.

அங்கே தென்காசிச் சபையைச் சேர்ந்த ஒரு சின்னக் கோயில் உண்டு. ஐயர் வராத நாட்களில் அங்கே ஆராதனை நடத்தும் உபதேசியாரின் மனைவி பாக்கியத்தாய் ஒருநாள் வந்தாள். பிள்ளை இப்படிப் பிறந்ததற்குக் காரணம் எதுவும் அவள் கொண்டுவரவில்லை. ஒரு செம்பு கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்தாள். பிள்ளையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு, ஜெபமலரைக் கொஞ்சம் தூங்கச் சொன்னாள். அவள் தூங்கி எழுந்தபோது வெயில் சாய்ந்திருந்தது.

அந்த வெறும் வீட்டில்தான் ஜெபமலருக்கு மறுபடி பேச்சு வந்தது. முழங்காலில் நிற்கவில்லை. பாத்திரம் கழுவிக்கொண்டே, மனுஷரோடு சண்டை போடுவதுபோல் பேசினாள். "கேட்டேன், குடுத்தீரு. குடுத்தவரு எங்க போயி ஒளிஞ்சீரு? ஆளாளுக்கு உம்ம பேரைச் சொல்லி என்னை ஏசுதாவ. உமக்கு வாயில்லையா?"

வைகாசி கடைசியில் காற்று திரும்பி, சாரல் வந்தது. முதல் சாரல் ஓட்டில் சடசடவென்று விழுந்தபோது பிள்ளை திடுக்கிட்டு மேலே பார்த்தான். பிறகு சிரித்தான். அதுவரை அவன் அப்படிச் சிரித்ததில்லை. உடம்பெல்லாம் குலுங்க, கண்கள் இரண்டும் கோடாகிப்போகச் சிரித்தான். ஜெபமலர் அவனைத் தூக்கி வாசலுக்குக் கொண்டுபோய்ச் சாரலில் நின்றாள். கொஞ்ச நேரம் அழுதாள்.

"இவனைச் சொகமாக்கும்னு இனி கேக்கமாட்டேன்" என்றாள். "இப்படியேதான் கொண்டு வருவேன். ஏத்துக்கிட்டா ரெண்டு பேரையும் சேத்து ஏத்துக்கிடும்."

சாரல் வந்தால் சீசனும் வரும் என்பதை மாசிலாமணி மறந்துபோயிருந்தார். ஆனி பிறந்ததும் தென்காசி முழுக்க எண்ணெய் தேய்த்துக்கொண்டு குற்றாலத்துக்கு வந்துவிட்டது. யார் கண்ணிலும் படக்கூடாது என்று ஒளித்துவைத்த வீட்டைத் தாண்டித்தான் எல்லோரும் ஐந்தருவிக்குப் போனார்கள். சங்கத்துப் பெண்கள் தலை துவட்டிக்கொண்டே வந்து நலம் விசாரித்தார்கள்.

பாளையங்கோட்டையிலிருந்து ரிட்டயர்டு ஜட்ஜ் ஒருவரும் குடும்பத்தோடு வந்திருந்தார். பேரனுக்கு அங்கேயே ஞானஸ்நானம் கொடுக்க ஆசைப்பட்டார். ஜட்ஜ் ஆசைப்பட்டதால் ஞாயிற்றுக்கிழமை காலையே வசதியான நேரமாக ஐயருக்குப் பட்டது. மாசிலாமணி சில்க் சட்டை போட்டு, மனைவியோடும் மகனோடும் வந்து, ஜட்ஜுக்குப் பக்கத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்தார். கோயில் முழுக்க ஈரத்தலைகள்.

ஜட்ஜின் பேரனுக்குப் பேரிட்டு, ஜெபித்து, ஐயர் துண்டில் கையைத் துடைக்கப் போனார். அப்போது பின்வரிசையிலிருந்து ஜெபமலர் பிள்ளையோடு எழுந்து வந்தாள். ஞானத்தாயாக நிற்க பாக்கியத்தாய் கூடவே வந்தாள்.

"இது பெறகு பாத்துக்கலாமேம்மா" என்றார் ஐயர் மெதுவாக.

"தண்ணி இருக்கே ஐயரவாள்" என்றாள் அவள்.

ஜட்ஜுக்கு ஒன்றும் தெரியாது. நல்ல மனுஷர். "இன்னொரு குழந்தையா? ரொம்ப சந்தோஷம், நடக்கட்டும்" என்றார். ஜட்ஜ் நடக்கட்டும் என்ற பிறகு ஐயருக்கும் அது கர்த்தருடைய சித்தமாகத் தெரிந்தது. பிள்ளையைக் கையில் வாங்கி, இந்தப் பிள்ளைக்குப் பேரிடுங்கள் என்றார்.

ஞானத்தாய்தான் பேரைச் சொல்லவேண்டும். பாக்கியத்தாய் வாயைத் திறந்தாள். முதல் வரிசையிலிருந்து செயலாளர் பார்த்த பார்வையில், புருஷனின் உபதேசியார் வேலை அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது. வாய் திறந்தபடியே நின்றது.

"மாசிலாமணி" என்றாள் ஜெபமலர்.

ஐயர் முதல் வரிசையைப் பார்த்தார். பிறகு ஜட்ஜைப் பார்த்தார். தண்ணீரை அள்ளி, மாசிலாமணி என்று பேர் சொல்லி, பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தில் தலையில் வார்த்தார். தண்ணீர் பட்டதும் பிள்ளை குலுங்கிச் சிரித்தான்.

ஜட்ஜ் சந்தோஷமாகத் திரும்பினார். "உங்க பேராச்சே. பேரனா?"

மாசிலாமணி சட்டைக் காலரைச் சரிசெய்தார். "சபைப் பிள்ளை" என்றார். "ஏழைப்பட்டவங்க."

ஜெபமலருக்கு அது கேட்டது. அவள் மாமனாரைப் பார்க்கவில்லை. அவருக்கு அடுத்தாற்போல் உட்கார்ந்திருந்த ஏசுதாசனைப் பார்த்தாள். கண்ணை மூடிக்கொள்ள அவனுக்கு அன்று ஜெபமும் நடந்துகொண்டிருக்கவில்லை. அவன் எழுந்தான்.

"எம் மவன் சார்" என்றான். "இவுக எங்கப்பா." சொல்லிவிட்டுப் போய், ஐயர் கையிலிருந்து ஈரப்பிள்ளையை வாங்கித் தன் சட்டையில் துடைத்தான்.

சாயங்காலம் அவன் துணிமணிகளை ஒரு பெட்டியில் போட்டுத் தூக்கிக்கொண்டு ஐந்தருவிச் சாலை வீட்டுக்கு வந்தான். வீட்டுப்படி ஏறக்கூடாது என்று அப்பா சொல்லிவிட்டதாகச் சொன்னான். யார் என்று ஜெபமலர் கேட்டாள். "உன்னையும் பிள்ளையையும்தான் சொன்னாவ" என்றான். "நான் என்னையும் சேத்துக்கிட்டேன்."

சீசன் முடிந்ததும் அவர்கள் செங்கோட்டைக்குக் குடிபோனார்கள். ஏசுதாசன் அங்கே ஒரு மலையாளத்தான் மிளகு மண்டியில் வேலைக்குச் சேர்ந்தான். பாக்கியத்தாயின் புருஷனை எங்கோ கரிசல்காட்டுச் சபைக்கு மாற்றினார்கள்; மாற்றியதற்கும் ஆண்டவரின் அழைப்பு என்றுதான் பேர்.

தென்காசியில் இன்னொன்று நடந்தது. மாசிலாமணி வாறாரு என்று யாராவது சொன்னால், பெரியவரா சின்னவரா என்று கேட்கிற வழக்கம் பஜாரில் வந்துவிட்டது. சிலர் வேண்டுமென்றே கேட்டார்கள். கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தவர், பெயிண்டரைக் கூப்பிட்டுக் கடைப்பலகையில் தன் பேரை அழித்தார். அழித்த இடத்தில் பெரிய எழுத்தில் 'கிறிஸ்து மரக்கடை' என்று எழுதச் சொன்னார். ஊரார் அவருடைய பக்தியை மெச்சிக்கொண்டார்கள்.

தென்காசிக்குப் போய்வந்த ஏசுதாசன் இதைச் சொன்னபோது, ஜெபமலர் பிள்ளைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளையின் வாயோரம் வழிந்ததைக் கரண்டியால் வழித்துவிட்டாள்.

"அவரையா அங்கன கொண்டு நிறுத்திட்டாவ?" என்றாள். "பாவம், ஆண்டவரு."